வெறுமையான ஆசனமும் பேசாத கதிரையும்: வேலணை தந்த சபாநாயகர் துரைசுவாமி

1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் முதன்முறையாக வாக்களித்தார்கள். சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், சாதி பார்க்கப்படாது. ஆசியாவில் வேறெந்தக் குடியேற்ற நாட்டுக்கும் அப்போது கிடைக்காத உரிமை அது. ஆனால் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் புங்குடுதீவிலும் வேலணையிலும் அந்த மாதம் ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஊர்காவற்றுறைத் தொகுதியில் போட்டியிட ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுத்திருக்கவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய மூன்று தொகுதிகளிலும் அதே கதைதான். தேர்தல் மூலம் நிரப்பப்பட வேண்டிய 50 ஆசனங்களில் 46 மட்டுமே நிரம்பிய நிலையில் அரசாங்க சபை கூடியது.

அன்று நியமனப் பத்திரம் கொடுக்காமல் ஒதுங்கியிருந்த மூத்தவர்களில் வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமியும் ஒருவர். ஐந்து வருடங்கள் கழித்து அதே ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியாக அதே சபைக்குள் போனார். போனவர் சபாநாயகர் கதிரையில் அமர்ந்தார். பிரித்தானியர் நாட்டைக் கையளிக்கும் தறுவாயில் அந்தச் சபை கலைக்கப்படும்வரை அவர்தான் சபாநாயகர். தீவகத்தில் அவருடைய பெயரைப் பாடசாலைப் பெயராகவே பலர் அறிந்திருக்கிறார்கள். சுதந்திரத்தை நோக்கிப் போன பாதையில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் எங்கே நின்றார், அதனால் எங்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதைப் பார்க்க அவருடைய வாழ்க்கையை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

துரைசுவாமி பிறந்தது 1874ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி. அப்போது பண்ணைத் தாம்போதி கிடையாது. வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் வள்ளம்தான். ஆனால் கடல் அந்த மக்களைச் சிறைப்படுத்தி வைத்திருக்கவில்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து தோணிகள் இந்தியக் கரைக்குப் போய்வந்தன. தீவகத்து ஆண்கள் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் போய்க் கடை வைத்தார்கள். புங்குடுதீவான், காரைநகரான், வேலணையான் கடையில்லாத சிங்களப் பட்டினம் அரிது என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து அரசியல்வாதிக்குத் தெற்கு என்பது சட்டசபைக் கட்டடம். தீவகத்துக் குடும்பத்துக்கு அது பிழைப்பு.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் உயர்படிப்பு என்றால் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைதான். துரைசுவாமியும் அந்த வழியில் பட்டம் பெற்று, பிறகு சட்டம் படித்து அப்புக்காத்தானார். சைவ நிறுவனங்களிலும் சைவப் பாடசாலைகளை நடத்தும் வேலையிலும் முன்னின்றார். 1921இல் வடமாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அன்றைய வாக்காளர் யார்? படிப்பும் வருமானமும் உள்ள ஆண்கள் மட்டுமே. நாட்டு மக்களில் 100 பேருக்கு 4 பேர் என்ற கணக்கில்தான் வாக்குரிமை இருந்தது. நெடுந்தீவில் வலை இழுத்தவருக்கோ, வேலணையில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவருக்கோ, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கோ அந்தச் சபையில் இடமும் இல்லை, வாக்கும் இல்லை.

அதே 1921தான் தமிழ்-சிங்களத் தலைவர்களின் உறவு முறிந்த காலமும். இரண்டு வருடம் முன்பு, 1919இல், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்க ஆதரவு தருவோம் என்ற உறுதியை நம்பியே யாழ்ப்பாணச் சங்கம் அதில் சேர்ந்தது. அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை. அருணாசலம் காங்கிரஸை விட்டு விலகினார். எங்கள் அரசியலில் உடைந்த வாக்குறுதிகளின் பட்டியல் நீளமானது. முதல் வரியில் இது இருக்கிறது.

இந்த நேரத்தில் வட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொரு தலைமுறை எழும்பிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகத்தைச் சுற்றி 1924இல் உருவான மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் ஆனது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இவர்களே. தீண்டாமை ஒழிய வேண்டும், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் படிக்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கைக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்றார்கள். கொழும்புத் தலைவர்கள் படிப்படியாகச் சீர்திருத்தம் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய சத்தம்.

அந்தக் கல்லூரியை நடத்தியவர்கள் அமெரிக்கர்கள். பிரித்தானியரோடு சண்டையிட்டுப் பிரிந்துபோன நாட்டுக்காரர். 1816இல் முதல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, இரு நாடுகளுக்கும் இடையிலான இரண்டாவது யுத்தம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தேசாதிபதி பிரவுன்றிக் அனுமதித்தார். அடுத்து வந்த பார்ன்ஸ் நம்பவில்லை. 1820இல் அச்சு வேலைக்காக வந்த அமெரிக்கரை நாட்டை விட்டுப் போகச் சொன்னார். புதிய அமெரிக்கர் வருவதற்கான தடை 1833வரை நீடித்தது. நூறு வருடம் கழித்து அந்த மிஷனின் கல்லூரியிலிருந்தே சுதந்திரக் குரல் எழுந்தது என்பதால், பாதிரிமார் அரசியல் சொல்லிக்கொடுத்தார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. இளைஞர்களுக்கு முன்மாதிரி காந்தியின் இந்தியா. ஆனால் அவர்கள் கையிலெடுத்த பகிஷ்கரிப்பு என்ற ஆயுதம் அமெரிக்கக் குடியேற்றங்களும் கையிலெடுத்ததுதான். அங்கே அது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இங்கே என்ன பிழைத்தது என்பது விளங்கும்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் வரிக்கு எதிராகப் பிரித்தானியப் பொருட்களை விலக்கி வைத்தன. 1770இல் நியூயோர்க் வியாபாரிகள் பின்வாங்கியதும் அந்த முயற்சி குலைந்து போனது. 1774இல் பிலடெல்பியாவில் முதலாவது கண்ட மாநாடு கூடியபோது 13 குடியேற்றங்களில் 12 வந்தன. வராதது ஜோர்ஜியா. அது சிறியது. தன் எல்லையில் பூர்வகுடிகளோடு மோதல் இருந்ததால் அதற்குப் பிரித்தானியப் படையின் பாதுகாப்புத் தேவைப்பட்டது. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சேராதவரோடு வியாபாரம் இல்லை என்று தீர்மானித்தார்கள். பக்கத்துத் தென் கரோலினா உறவை வெட்டியது. 1775இல் ஜோர்ஜியாவும் வந்து சேர்ந்தது. 12 பேர் சேர்ந்து ஒருவரை இழுத்தார்கள்.

1931இல் இலங்கையில் நடந்தது இதன் மறுபக்கம். ஒரு மூலை மட்டும் பகிஷ்கரித்தது. மற்ற எல்லாரும் தேர்தலுக்குப் போனார்கள்.

டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்து, 1928இல் அறிக்கை தந்தது. சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. ஏழு நிர்வாகக் குழுக்களையும் அவற்றின் தலைவர்களாக ஏழு மந்திரிகளையும் ஏற்பாடு செய்தது. நிதி, சட்டம், பாதுகாப்பு முதலியவை பிரித்தானிய அதிகாரிகள் கையிலேயே இருக்கும் என்றது. 1929 டிசெம்பரில் சட்டநிரூபண சபை அதை 19க்கு 17 என்ற வாக்குகளில் மயிரிழையில் ஏற்றது. தமிழ் உறுப்பினர்கள் எதிர்ப்புப் பக்கம் நின்றார்கள். மூத்த தலைவர்களின் பயம் எண்ணிக்கை பற்றியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோருக்கு எல்லாருக்கும் வாக்கு என்பதே பிடிக்கவில்லை. அதில் சாதியும் கலந்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. இளைஞர் காங்கிரஸ் எதிர்த்தது வேறு காரணத்துக்காக: இது சுயராஜ்யம் இல்லை, பிச்சை.

1931 ஏப்ரலில் இளைஞர் காங்கிரஸ் மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானம். நியமன நாள் மே 4. அந்தச் சில வாரங்களுக்குள் குடாநாடும் தீவுகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. பத்து வருடம் சட்டநிரூபண சபையில் இருந்த துரைசுவாமி போன்றவர்களும் இளைஞர்களின் அலைக்கு எதிரே நிற்கவில்லை. நியமன நாள் முடிந்தபோது நான்கு தொகுதிகளிலும் ஒரு பெயரும் இல்லை.

தெற்கில் சிலர் புகழ்ந்தார்கள். இலண்டனிலிருந்து பிலிப் குணவர்தன பாராட்டி எழுதினார். ஆனால் புகழ்ந்தவர்களின் தலைவர்கள் தேர்தலில் நின்றார்கள், வென்றார்கள், மந்திரிகளானார்கள். யாழ்ப்பாணத்தோடு யார் வரவில்லையோ அவரோடு உறவில்லை என்று சொல்ல யாழ்ப்பாணத்துக்குப் பலம் இருக்கவில்லை. பகிஷ்கரிப்பு பிழை என்று எழுதுவோர் பலர். என் பார்வையில் கோரிக்கை பிழையில்லை. கூட்டாளிகளை முதலில் கட்டிவிட்டு ஆயுதத்தை எடுக்கவில்லை என்பதுதான் பிழை. இன்னொன்றும் இருக்கிறது. வாழ்நாளில் முதல் வாக்கைப் பெற்றிருந்த தீவகத்துப் பெண்ணிடமும், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரிடமும், உங்கள் வாக்கை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மேலே இருந்தவர்கள் நியமனம் கொடுக்காமல் விட்டார்கள். கீழே இருந்தவர்களின் வாக்கு மூன்று வருடம் தள்ளிப்போனது.

2005 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர் தொகை ஒரு சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டியது. அந்த நாட்களை நேரில் கண்டவர்களுக்கு, கேட்காமலே எடுக்கப்படும் முடிவு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இரண்டு காலமும் ஒன்றல்ல. 1931இல் துவக்கு இல்லை, ஊர்வலமும் பேச்சும்தான். அந்த வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும்.

1934 ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை தெரிவானார். பருத்தித்துறையிலிருந்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபைக்குள் வந்தார். அதற்குள் மந்திரிப் பதவிகள் பங்கிடப்பட்டு, பாதை போட்டாயிற்று. 1936 பொதுத்தேர்தலில் துரைசுவாமி ஊர்காவற்றுறையில் வென்றார். மார்ச் மாதம் புதிய சபை கூடியது. அவரைச் சபாநாயகராகத் தெரிந்தது. அதே மாதம் ஏழு மந்திரிகளும் தெரிவானார்கள். ஏழு பேரும் சிங்களவர்.

குழுக்களின் உறுப்பினர் தொகையை முன்கூட்டியே கணக்குப் பார்த்துப் பிரித்தால் ஏழு தலைமைப் பதவிகளும் ஒரே தரப்புக்கு வரும். அப்படித்தான் வந்தது. ஒரு தமிழர் சபையின் மிக உயர்ந்த கதிரையில் இருந்தார். அதிகாரம் உள்ள ஏழு கதிரைகளில் ஒன்றிலும் தமிழர் இல்லை. சபாநாயகர் பதவியைத் தமிழருக்குத் தந்தோம் என்று காட்டுவதற்கு அது வசதியாக இருந்தது. துரைசுவாமி அந்தப் பதவியை ஏற்றிருக்கக்கூடாது என்று வாதிக்கலாம். ஆனால் 1931இல் வெளியே நின்றதன் பலனை அவர் கண்டிருந்தார். 61 வயதில் இரண்டாம் தடவையும் வெளியே நிற்க அவருக்கு மனம் வரவில்லைப் போலும்.

சபாநாயகர் என்பவர் கட்சி பேச முடியாது, விவாதத்தில் இறங்க முடியாது, சமநிலை வந்தாலன்றி வாக்களிக்க முடியாது. ஆகவே 1936 முதல் 1947வரை, அதாவது நாட்டின் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்ட பதினொரு வருடமும், ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதி சபையில் வாதிடாத ஒருவராக இருந்தார். முதல் மூன்று வருடம் ஆசனம் வெறுமை. பிறகு ஆசனத்தில் ஆள் இருந்தார், குரல் இல்லை. தீவகத்துக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இது.

அந்தக் கதிரையிலிருந்து அவர் எவற்றுக்குத் தலைமை தாங்கினார் என்று பார்த்தால் இன்றைய இலங்கையே அதற்குள் இருக்கிறது. இலவசக் கல்வி அந்தச் சபையின் காலத்தில்தான் வந்தது. அதனால் வேலணையிலும் நெடுந்தீவிலும் ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவை எவரும் மறுக்க முடியாது. 1944 மே மாதம் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருகோணமலை-மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் 29க்கு 8 என்று வென்றது. இரு மொழிகளும் என்ற நிலைப்பாட்டைச் சிங்களப் பெரும்பான்மைச் சபை ஏற்றுக்கொண்ட நாள் அது. நடந்தது என்பதே இப்போது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு சோல்பரி ஆணைக்குழு. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார். பெரும்பான்மைக்குப் பாதி, சிறுபான்மையினர் எல்லாருக்குமாகப் பாதி. ஆணைக்குழு மறுத்தது. 1945 நவம்பரில் வெள்ளை அறிக்கை சபைக்கு வந்தபோது பொன்னம்பலம் இங்கிலாந்தில் இருந்தார். டி. எஸ். சேனநாயக்கவின் பிரேரணை 51க்கு 3 என்று நிறைவேறியது. எதிர்த்தவர்கள் டபிள்யூ. தகநாயக்கவும் இந்தியத் தமிழ் உறுப்பினர் இருவரும். இலங்கைத் தமிழ் உறுப்பினர்களின் வாக்கு ஆதரவுப் பக்கம் விழுந்தது. வாக்கெண்ணிக்கையை அறிவிப்பது சபாநாயகரின் கடமை. துரைசுவாமிக்கு அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று எந்தப் பதிவும் சொல்லாது. சபாநாயகர்களின் வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கு இதுதான் கஷ்டம். அவர்கள் எதையும் சொல்லாமல் இருப்பதற்காகவே அங்கே இருக்கிறார்கள்.

ஆதரவாக வாக்களித்த தமிழர்களைத் துரோகிகள் என்று பின்னாளில் பேசிய மேடைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. யுத்தம் முடிந்து பிரித்தானியா போகப்போகிறது என்பது தெளிவாகியிருந்தது. மறுத்தால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுத்ததன் விலை என்ன என்று 1931 காட்டியிருந்தது. ஏற்றதன் விலை என்ன என்று காட்ட 1948, 1956, 1958 இன்னும் வரவில்லை.

1947இல் அரசாங்க சபை கலைந்தது. அந்த வருடப் பொதுத்தேர்தலில் ஊர்காவற்றுறை அல்பிரட் தம்பிஐயாவைத் தெரிந்தது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி பிரித்தானியக் கொடி இறங்கியபோது துரைசுவாமி நாடாளுமன்றத்தில் இல்லை. வட்டுக்கோட்டையில் நின்று பார்த்த ஹன்டி பேரின்பநாயகமும் இல்லை. முழுச் சுதந்திரம் வேண்டும் என்று முதலில் கேட்ட தலைமுறையும், அதற்கு வழிவிட்டு ஒதுங்கிய மூத்தவரும், சுதந்திரம் வந்த நாளில் சபைக்கு வெளியேதான் நின்றார்கள்.

சேர் பட்டத்தோடும் ஓய்வோடும் அவர் இன்னும் பதினெட்டு வருடம் வாழ்ந்தார். நீண்ட ஆயுள் எப்போதும் கொடுப்பினையல்ல. 1948இலேயே மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1945இல் எதிர்த்து வாக்களித்த இருவரும் பயந்தது வீண்பயம் அல்லவென்று மூன்றே வருடத்தில் தெரிந்தது. தனிச் சிங்களச் சட்டமூலம் 1956 ஜூன் 5ஆம் திகதி பிரதிநிதிகள் சபைக்குக் கொண்டுவரப்பட்டது. மூன்று நாள் கழித்து அவருக்கு 82 வயது நிறைந்தது. தன் முன்னால் 29க்கு 8 என்று எண்ணப்பட்ட வாக்கை அவர் மறந்திருக்க முடியாது. 1958இல் தெற்கே கடைகள் எரிந்தன. கொழும்பிலிருந்து கப்பலில் ஏற்றி காங்கேசன்துறையில் இறக்கப்பட்டவர்களில் தீவகத்து வியாபாரக் குடும்பங்களும் இருந்தன. மூன்று தலைமுறையாகச் சிங்களம் பேசிச் சாமான் நிறுத்துக் கொடுத்தவர்கள், வெறுங்கையோடு வள்ளத்திலும் பேருந்திலும் ஏறிப் புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் வந்தார்கள். கொஞ்ச நாளில் பலர் திரும்பவும் போனார்கள். கடை அங்கேதானே இருக்கிறது.

1966 ஜனவரியில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளின் ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடத்தலாம் என்பது அதன் சாரம். கொழும்பில் அதற்கு எதிராக ஊர்வலம் நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. விதிகள் காகிதத்தில் இருந்தன. அந்த ஏப்ரல் மாதம் 12ஆம் திகதி, 92 வயதுக்கு இரண்டு மாதம் இருக்கையில், துரைசுவாமி காலமானார்.

வேலணையில் அவருடைய பெயரைத் தாங்கிய மத்திய மகா வித்தியாலயம் இருக்கிறது. 1990 ஆவணியில் இராணுவம் தீவுகளில் இறங்கியபோது அங்கே படித்த பிள்ளைகளும் புத்தகப் பையோடு பண்ணைப் பக்கம் ஓடினார்கள். சிலர் வன்னிக்கு, சிலர் ரொறன்ரோவுக்கு, சிலர் பாரிஸுக்கு. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே படிக்கிறார்கள்.